காதை வெட்டின பேதுருதான் சாந்தத்தைப் பத்தி எழுதுறார்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், நம்ம விசுவாசத்தைப் பத்தி யாராவது கேள்வி கேட்டா எப்படி பேசுறது, கோபம் வந்தா என்ன பண்றது, வாயே வரலைன்னா என்ன பண்றது. அதனால மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்கு எடுத்து வச்சுட்டேன். யாரோட பேரும் போடலை.

கேள்வி: அக்கா, எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் லன்ச் டைம்ல எல்லார் முன்னாடியும் "உங்க பைபிளே ஒரு ராஜா உட்கார்ந்து எடிட் பண்ணினதுதானே, நிசேயா கவுன்சில்ல ஓட்டு போட்டு எந்த புக் வேணும் எது வேணாம்னு முடிவு பண்ணாங்க"ன்னு சொன்னார். எனக்கு பதில் தெரியலை, ஆனா கோபம் மட்டும் வந்துருச்சு, அவர் கும்பிடுறதைப் பத்தி ரொம்ப மோசமா பேசிட்டேன். ரெண்டு வாரமா ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லை. ஆண்டவருக்காகத்தானே பேசினேன், அப்புறம் ஏன் மனசு உறுத்துது?

பதில்: தம்பி, அந்த உறுத்தலை அமுக்கிடாதீங்க, அது சரியான இடத்துலதான் குத்துது.

கெத்செமனே தோட்டத்துல இயேசுவைப் பிடிக்க ஆளுங்க வந்தப்போ பேதுரு பட்டயத்தை உருவி, பிரதான ஆசாரியனோட வேலைக்காரன் மல்குஸோட வலது காதை வெட்டிட்டார், அவரும் ஆண்டவருக்காகன்னு நினைச்சுத்தான் வெட்டினார். ஆண்டவர் பட்டயத்தை உறையில போடச் சொல்லிட்டு அந்தக் காதைத் தொட்டு குணமாக்கினார் (மல்குஸ்ங்கிற பேரை யோவான் சொல்றார், குணமாக்கினதை லூக்கா சொல்றார், ரெண்டையும் சேர்த்து வாசிக்கணும்). அதுக்கப்புறம் சில மணி நேரம்கூட ஆகலை, அதே பேதுரு நெருப்பு காயுற இடத்துல ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்டதுக்கு நான் அவரோட ஆள் இல்லைன்னுட்டார். அங்கே கடைசியா கேட்டது யார்னு யோவான் 18:26ல பாருங்க, காது வெட்டுப்பட்டவனோட சொந்தக்காரன்! நான் இந்த வசனத்தை எத்தனையோ வருஷம் கவனிக்காமலேயே தாண்டிப் போயிருக்கேன். வெட்டின ஆள்கிட்ட, வெட்டுப்பட்டவன் வீட்டு ஆள் வந்து நிக்கிறான், "உன்னை அவரோட தோட்டத்துல பார்த்தேனே"ங்கிறான், அந்த இடத்துல பேதுருவால எப்படி ஆமான்னு சொல்ல முடியும்? கோபத்துல ஒருத்தரைக் காயப்படுத்திட்டோம்னா, அப்புறம் அவரோ அவரைச் சேர்ந்தவங்களோ நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்க வரும்போது நமக்கு வாய் எழும்பாது.

வெட்டினதும் மறுதலிச்சதும் ஒரே ராத்திரி, ஒரே ஆள். எனக்குத் தோணுறது, ரெண்டுக்கும் வேர் பயம்தான், இயேசு தோத்துடுவாரோங்கிற பயம். அந்த பேதுருதான் பின்னாடி தன் முதல் நிருபம் 3:15ல, நம்மகிட்ட இருக்கிற நம்பிக்கையைப் பத்தி விசாரிக்கிற எல்லாருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்"னு எழுதுறார். இதுல உத்தரவுங்கிற வார்த்தையை கொஞ்சம் கவனிங்க. இன்னைக்கு நமக்கு உத்தரவுன்னா கட்டளை, ஆனா நம்ம பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புல அதுக்கு பதில்னுதான் அர்த்தம், நீதிமொழிகள் 18:13ல காரியத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடியே "உத்தரம்" சொல்றவனைப் பத்தி வருதே, அதே மாதிரி. கிரேக்கத்துல அங்கே இருக்கிறது அப்போலொகியா, கோர்ட்ல ஒருத்தர் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்றதுக்கு சொல்ற வார்த்தை. நம்மள்ல நிறைய பேர் அந்த வசனத்துக்கு இந்தக் காலத்து அர்த்தத்தை வச்சுக்கிட்டு எதிர்ல இருக்கிறவங்களுக்கு உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கோம், அதான் எனக்கு வருத்தம். அதுக்கு முந்தின வசனத்தை விட்டுடாதீங்க, அவங்க பயமுறுத்தலுக்கு பயப்படாம கலங்காம இருங்கன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வரியில பதில் சொல்றதுக்கே வர்றார். பயம் போனாத்தான் சாந்தம் வரும்னு அனுபவப்பட்டவர் சொல்றார்.

இப்ப உங்க சீனியர் சொன்ன விஷயம். நிசேயா கவுன்சில்ங்கிற பிஷப்புங்க கூட்டம் 325ல ரோம சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கூட்டினது, அது நிஜம். அங்கே பெரிய விவாதம் ஆரியஸ்ங்கிறவர் சொல்லிக்கிட்டிருந்த போதனையைப் பத்தி, அதாவது குமாரன் பிதாவுக்கு சமமானவரா இல்ல படைக்கப்பட்டவரா. அந்தக் கவுன்சில் போட்ட 20 சட்டங்கள் இன்னைக்கும் நம்மகிட்ட இருக்கு, அதுல எந்த புத்தகம் வேதம் எது வேதமில்லைன்னு ஒரு பட்டியலும் கிடையாது. நாலு சுவிசேஷம்தான்னு ஐரேனியஸ்ங்கிற பிஷப் 180 வாக்கிலேயே எழுதியிருக்கார், கான்ஸ்டன்டைன் பிறக்கிறதுக்கு ரொம்ப முன்னாடி. நம்ம கையில இருக்கிற புதிய ஏற்பாட்டோட 27 புத்தகமும் அப்படியே பட்டியலா வர்றது அத்தனாசியஸ்ங்கிற பிஷப் 367ல எழுதின ஒரு கடிதத்துல. அதே சமயம் எபிரெயர், 2 பேதுரு, வெளிப்படுத்தல் மாதிரி சில புத்தகங்களைப் பத்தி ஆரம்பத்துல சபைகளுக்குள்ள தயக்கம் இருந்துச்சு, அதையும் ஒத்துக்கணும். புதிய ஏற்பாட்டோட பழைய கிரேக்க கையெழுத்துப் பிரதிகள் 5000க்கு மேல இருக்கு, அதுங்களுக்குள்ள வித்தியாசம் நிறையவே உண்டு, பெரும்பாலும் எழுத்துப்பிழை, வார்த்தை முன்னபின்ன வர்றது அந்த மாதிரி. மாற்கு 16ல கடைசி 12 வசனமும், யோவான் 8 ஆரம்பத்துல வர்ற விபசாரத்துல பிடிபட்ட பெண்ணோட சம்பவமும் ரொம்பப் பழைய பிரதிகள்ல இல்லை. இதை மறைச்சுப் பேசினா நாளைக்கு அவரே தேடிக் கண்டுபிடிப்பார், அதுக்கப்புறம் நீங்க சொன்ன உண்மையையும் நம்ப மாட்டார்.

ஆனா இதெல்லாம் அடுத்தது தம்பி. நாளைக்கு அவர்கிட்ட போய் "அன்னைக்கு நீங்க கும்பிடுறதைப் பத்தி நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்கோங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, எல்லார் முன்னாடியும் பேசினதால முடிஞ்சா எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அந்தப் பேச்சோடயே நிசேயாவை இழுக்காதீங்க, இழுத்தா மன்னிப்பு கேட்டதே வாதத்துக்கு முன்னுரை மாதிரி ஆகிடும். அவரா திரும்பக் கேட்டா அப்ப சொல்லுங்க. கேட்கலைன்னா, ஒரு காது குணமாச்சுன்னு நினைச்சுக்கோங்க.

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன். ரூம்மேட்ஸ் "இயேசுன்னு ஒருத்தர் இருந்ததே இல்லை, எல்லாம் கதை"ன்னு பேசும்போது எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், சிரிச்சு மழுப்பிட்டு போன் பேசுற மாதிரி வெளியே போயிடுவேன். ராத்திரி படுத்தா நானும் பேதுரு மாதிரி மறுதலிச்சுட்டேனோன்னு அழுகையா வருது.

பதில்: தங்கச்சி, அழுத பேதுருவை ஆண்டவர் விட்டுடலை. யோவான் மறுதலிப்பு நடந்த இடத்துல கரிநெருப்புன்னு எழுதுறார், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில பேதுருவுக்கு சாப்பாடு செஞ்சு வச்ச இடத்துலயும் அதே வார்த்தை, புதிய ஏற்பாட்டுல வேற எங்கேயும் அந்தக் கிரேக்க வார்த்தை வரலை. அந்த நெருப்புப் பக்கத்துல உட்கார வச்சுத்தான் "என்னை நேசிக்கிறாயா"ன்னு மூணு தடவை கேட்கிறார். உங்களுக்கும் அந்த நெருப்பு உண்டு, அதனால வெளியே போயிட்டேனேன்னு உங்களையே திட்டிக்காதீங்க.

இன்னொரு விஷயம் சொல்றேன். பேதுரு தன் முதல் நிருபத்தை எழுதினது பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியான்னு அஞ்சு பகுதியில இருந்தவங்களுக்கு. பல வருஷம் கழிச்சு, 112 வாக்குல, அதே பித்தினியாவுக்கும் பொந்துவுக்கும் ரோம கவர்னரா இருந்த பிளினி, டிராஜன் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதுறார், அது இன்னைக்கும் இருக்கு. கிறிஸ்தவங்கன்னு பிடிச்சுட்டு வந்தவங்களை நீ கிறிஸ்தவனான்னு கேட்பாராம், ஆமான்னா தண்டனையைச் சொல்லி மிரட்டி ரெண்டாவது தடவை, மூணாவது தடவையும் கேட்பாராம், அப்பவும் ஆமான்னவங்களைக் கொல்லச் சொல்லிடுவாராம். மூணு தடவை! சிலர் பயந்து விலகிட்டாங்கன்னும் அவரே எழுதியிருக்கார், அதனால பயம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. ரெண்டு அடிமைப் பெண்களை சித்திரவதை பண்ணி விசாரிச்சும் அவருக்கு ஒரு சதியும் கிடைக்கலை, கிடைச்சதெல்லாம் விடியறதுக்கு முன்னாடி கூடுறாங்க, கிறிஸ்துவை தெய்வமா பாடுறாங்க, திருட மாட்டோம் விபசாரம் பண்ண மாட்டோம்னு உறுதி எடுத்துக்கிறாங்க, அவ்வளவுதான். வேலைக்காரப் பெண்ணோட கேள்விக்கு விழுந்த பேதுரு எழுதின கடிதம் போய்ச் சேர்ந்த ஊர்ப்பக்கம், அதே மாதிரி வேலைக்காரப் பெண்கள் ரெண்டு பேர் கவர்னர் முன்னாடி நின்னிருக்காங்க, இதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் கண்ணு கலங்கும்.

இயேசு இருந்ததே இல்லைங்கிறதுக்கு டாசிட்டஸ் போதும். ரோம வரலாற்று ஆசிரியர், 116 வாக்குல எழுதினவர், கிறிஸ்தவங்களை அவருக்கு சுத்தமா பிடிக்காது, நாசகார மூடநம்பிக்கைன்னு திட்டுறார், திட்டிக்கிட்டே திபேரியு சக்கரவர்த்தி காலத்துல பொந்தியு பிலாத்து கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கொடுத்தான்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். பவுல் கொரிந்தியருக்கு முதல் நிருபம் எழுதினது 55 வாக்குல, அதுல உயிர்த்தெழுந்தவரைப் பார்த்த 500க்கும் மேல பேர்ல நிறைய பேர் இன்னும் உயிரோட இருக்காங்கன்னு எழுதுறார், நடந்து முப்பது வருஷம்கூட ஆகாத காலம். உயிர்த்தெழுதலை டாசிட்டஸ் நிரூபிக்கலை, அப்படி நிரூபிச்ச மாதிரி பேசிடாதீங்க, இயேசுன்னு ஒருத்தர் வாழ்ந்தார், பிலாத்து கொடுத்த மரண தண்டனையில செத்தார்ங்கிறது வரைக்கும்தான் அவர் சாட்சி.

படபடப்பு இருக்கும்போது இது எதுவுமே ஞாபகம் வரலைன்னாலும் பரவாயில்லை. யோவான் 9ல பார்வை கிடைச்ச மனுஷனை பரிசேயருங்க குறுக்கு விசாரணை பண்றாங்க, அவனுக்கு வேத பாண்டித்தியமெல்லாம் கிடையாது, தெரியாததை எனக்குத் தெரியாதுன்னுட்டு, "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்"ங்கிறான். அடுத்த தடவை எழுந்து வெளியே போகாம உட்கார்ந்த இடத்துலயே "எனக்கு முழுசா சொல்லத் தெரியலை, ஆனா நான் அவரை நம்புறேன், வேணும்னா படிச்சுட்டு வந்து பேசுறேன்"னு சொல்லிப் பாருங்க. குரல் நடுங்கினா நடுங்கட்டும்மா.

கேள்வி: என் மகனுக்கு 19 வயசு. சின்ன வயசுல பாட்டெல்லாம் பாடுவான். போன வருஷம் அவன் ஃப்ரெண்ட் ஒருத்தன் வியாதியில இறந்ததுல இருந்து சபைக்கு வர்றதில்லை, "நாம எல்லாரும் ஜெபம் பண்ணோமே, உங்க கடவுள் என்ன பண்ணிட்டிருந்தார்"னு கேட்கிறான். நான் வசனம் சொன்னா கதவைச் சாத்திக்கிறான். என்ன பதில் சொல்லி அவனைத் திருப்புறது?

பதில்: அம்மா, இப்போதைக்கு பதிலே சொல்லாதீங்க. யோபுவோட சிநேகிதங்க மூணு பேர் வந்து ஏழு நாள் ஏழு ராத்திரி ஒரு வார்த்தை பேசாம அவரோட தரையில உட்கார்ந்திருந்தாங்க, அதுதான் அவங்க செஞ்சதுலயே நல்ல காரியம். வாயைத் திறந்து கடவுளுக்கு வக்கீலா மாறினதும்தான் கெட்டுப்போச்சு, கடைசியில கர்த்தரே நீங்க என்னைப் பத்தி சரியா பேசலைன்னு அவங்க மேல கோபப்படுறார், கேள்வி கேட்டு புலம்பின யோபுவைத்தான் என் தாசன்ங்கிறார். லாசரு கல்லறைக்கிட்ட இயேசுவுக்குத் தெரியும் இன்னும் கொஞ்ச நேரத்துல அவனை எழுப்பப் போறோம்னு, தெரிஞ்சும் அழுதார், மரியாள் அழுறதைப் பார்த்து அழுதார்.

உங்க பையன் கேட்கிறது விவாதம் இல்லைம்மா, ஃப்ரெண்டைப் பறிகொடுத்த துக்கம். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு 22ம் சங்கீதத்துல இருக்கு, சிலுவையில ஆண்டவர் வாயில வந்ததும் அதுதான், அதனால அவன் அப்படிக் கேட்கிறது அவிசுவாசம்னு முடிவு கட்டிடாதீங்க. அந்தப் பையனைப் பத்தி அவன்கிட்ட கேளுங்க, எப்படி இருப்பான், ரெண்டு பேரும் என்ன பண்ணுவீங்கன்னு. ஏன் கடவுள் குணமாக்கலைன்னு திரும்பக் கேட்டான்னா, எனக்கும் தெரியலைடா, நானும் அவர்கிட்ட அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க, உண்மையும் அதுதானே. நீங்க அவனுக்காக ஜெபிக்கிறதை நிறுத்தாதீங்க, ஆனா அவன் காதுல விழுற மாதிரி ஜெபிக்க வேண்டாம், அவனுக்குன்னு சொல்ற பிரசங்கமா அதை எடுத்துப்பான்.

கேள்வி: சாந்தம் சாந்தம்னு சொல்றீங்களே, இயேசுவே சவுக்கை எடுத்து அடிச்சு விரட்டினாரே?

பதில்: எடுத்தார், ஆனா யார் மேலன்னு பாருங்க. ஜெப வீட்டை வியாபார இடமாக்கின, தேவாலயத்துக்குள்ள இருந்தவங்க மேல. ராத்திரியில கேள்வியோட வந்த நிக்கொதேமு மேல இல்லை, கிணத்தடியில எதிர்க்கேள்வி கேட்ட சமாரியப் பெண் மேல இல்லை, தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்ன தோமா மேலயும் இல்லை, அவருக்குக் கையையும் விலாவையும் காட்டினார். தன்னையே கன்னத்துல அறைஞ்ச சேவகன்கிட்ட, நான் தப்பா பேசியிருந்தா எது தப்புன்னு காட்டு, சரியா பேசியிருந்தா ஏன் அடிக்கிறேன்னு நியாயம் கேட்கிறார் (யோவான் 18:23). பயந்து அடங்கவும் இல்லை, திருப்பித் திட்டவும் இல்லை, நான் சாந்தம்னு சொல்றது இதைத்தான்.

கேள்வி: பழைய ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் தினமும் கிறிஸ்தவங்களை கிண்டல் பண்ணி மீம் போடுறான், படிச்ச முட்டாள்கள்ங்கிறான். பதில் போடவா, குரூப்பை விட்டு வெளியே வரவா?

பதில்: பெஸ்துன்னு ஒரு கவர்னர் நிறைஞ்ச சபையில பவுலைப் பார்த்து, அதிகமா படிச்சு உனக்கு பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு சத்தமா கத்தினார். பவுல் சொன்ன பதில், "கனம்பொருந்திய பெஸ்துவே, நான் பயித்தியக்காரனல்ல" (அப்போஸ்தலர் 26:25). பைத்தியம்னவரை கனம்பொருந்தியன்னு கூப்பிடுறார், ஆனா சொல்ல வேண்டியதுல ஒரு வார்த்தையைக்கூட குறைக்கலை.

மீமுக்கு மீம் போடாதீங்க. குரூப்ல ஒரே ஒரு தடவை, மரியாதையா, ரெண்டு வரி போடுங்க, "இது என்னைக் கஷ்டப்படுத்துது, இதைப் பத்தி நிஜமாவே பேசணும்னா தனியா கூப்பிடு, பேசுறேன்"னு. அவன் கூப்பிடலைன்னாலும் அமைதியா வாசிச்சுக்கிட்டிருக்கிற மத்தவங்க பார்ப்பாங்க. கூப்பிட்டா முதல்ல அவன் சொல்றதை முழுசா கேளுங்க, அவன் வாதத்தை நீங்க திருப்பிச் சொல்லும்போது ஆமா அதைத்தான் சொன்னேன்னு அவன் ஒத்துக்கிற அளவுக்கு கேளுங்க. செல்சஸ்னு ஒருத்தர் 178 வாக்குல கிறிஸ்தவங்களை கடுமையா தாக்கி ஒரு புத்தகம் எழுதினார், எழுபது வருஷம் கழிச்சு ஓரிஜென்ங்கிற கிறிஸ்தவ அறிஞர் அதுக்கு எட்டு பாகத்துல பதில் எழுதினார். செல்சஸோட புத்தகம் தொலைஞ்சு போச்சு, இருந்தாலும் அவர் என்ன சொன்னார்னு நமக்கு இன்னைக்குத் தெரியுதுன்னா, ஓரிஜென் அவரோட வார்த்தைகளை வரிவரியா எடுத்துப் போட்டுத்தான் பதில் சொன்னார், அதனாலதான். எதிராளியோட குரலைக் காப்பாத்தி வச்சதே பதில் சொன்ன விசுவாசி! நானும் ஒரு காலத்துல நல்லா வாதாடுவேன், ஒரு தோழியை ஒரு ராத்திரி முழுக்க பேசிப் பேசி வாயை அடைச்சேன், அவ பேசுறதை பாதியில வெட்டித்தான் ஜெயிச்சேன். அதுக்கப்புறம் அவ இயேசுவைப் பத்தி என்கிட்ட ஒரு கேள்வியும் கேட்டதில்லை, இருபது வருஷமாச்சு.

வெளியே வர்றது தப்பில்லை, உங்க மனசு கசந்துக்கிட்டே போகுதுன்னா வந்துடுங்க.

கேள்வி: நான் கிறிஸ்தவன் இல்லை, பக்கத்து வீட்டுல வாங்குற உங்க பத்திரிகையை அப்பப்போ படிப்பேன். எனக்கு ஒரு நெருங்கிய கிறிஸ்தவ நண்பர் இருக்கார், நல்லவர். ஆனா இயேசுவைப் பத்தி நான் ஏதாவது கேட்டா உடனே எங்க சாமியை இழிவாப் பேச ஆரம்பிச்சுடுறார். உங்க மதத்துல அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறாங்களா?

பதில்: ஐயா, எழுதினதுக்கு ரொம்ப நன்றி, முதல்ல எங்க பக்கத்துல இருந்து மன்னிப்பு கேட்டுக்கிறேன். அப்படி சொல்லிக் கொடுக்கலை. பவுல் எபேசு பட்டணத்துல ரெண்டு வருஷத்துக்கு மேல போதிச்சார், அங்கே தியானாள் தேவியோட கோயில் உலகப் பிரசித்தம். ஊரே கலவரமா திரண்டப்போ அந்த ஊர் அதிகாரி, கிறிஸ்தவர் இல்லாதவர், கூட்டத்தை அமர்த்தி, அங்கே பிடிச்சு இழுத்துட்டு வந்திருந்த பவுலோட கூட்டாளிகளைப் பத்தி, இவங்க கோயில் கொள்ளைக்காரங்களும் இல்லை, உங்க தேவியைத் தூஷிக்கிறவங்களும் இல்லைன்னு சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). கையால செஞ்சது தெய்வம் இல்லைன்னு பவுல் அங்கே தெளிவாவே போதிச்சிருந்தார், அதையும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது, நாங்களும் இயேசு ஒருத்தரையே ஆண்டவர்னு நம்புறோம். ஆனா அத்தனை நாள் அப்படிப் போதிச்சும், அவரோட ஆளுங்க தூஷிச்சாங்கன்னு அந்த அதிகாரியால சொல்ல முடியலை. அத்தேனேவுலயும் "அறியப்படாத தேவனுக்கு"ன்னு எழுதியிருந்த அவங்க பலிபீடத்துல இருந்துதான் பேச்சை ஆரம்பிச்சார், அவங்க கவிஞர்களோட வரியையே எடுத்துச் சொன்னார். கேட்டவங்கள்ல சிலர் சிரிச்சாங்க, சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம்னாங்க, தியொனீசியு, தாமரி மாதிரி சிலர் நம்பினாங்க, பவுல் யாரையும் மடக்கிப் பிடிச்சு நிறுத்தலை, அங்கிருந்து கிளம்பிட்டார்.

உங்க நண்பர் ஒருவேளை உங்க கேள்விக்கு பதில் தெரியாம பயத்துலதான் அப்படிப் பேசுறாரோ என்னவோ. இந்தப் பக்கத்தை அவர்கிட்ட காட்டலாம், கோபமா இல்லாம, "நீ எங்க சாமியைப் பத்தி பேச வேண்டாம், உன் ஆண்டவரைப் பத்தி மட்டும் சொல்லு, நான் கேட்கிறேன்"னு சொல்லிப் பாருங்க. அவர்கிட்ட நீங்க கேட்ட கேள்வி என்னன்னு கடிதத்துல எழுதலையே ஐயா. எழுதி அனுப்புங்க, அடுத்த மாசம் முதல் கேள்வியா அதைத்தான் எடுத்துக்கப் போறேன்.